இரும்பு மனிதரும் இரவல் சீருடையும்

நம் மேடைப் பேச்சாளர் பலருக்கு பிஸ்மார்க் வசதியான ஓர் உவமை. உறுதியான தலைமைக்கு அவரையே சான்று காட்டுவர். போர்க்களம் கண்ட மாவீரர் என்று ஒருபடி மேலேயும் செல்வர். சர்தார் படேலை 'இந்தியாவின் பிஸ்மார்க்' என்றழைக்கும் வழக்கத்தால் அப்பெயர் நம் செவிக்கும் பழகிவிட்டது. இந்தப் போற்றியுரைகளில் வரலாறும் இல்லை, அரசியல் தெளிவும் இல்லை என்பது என் துணிபு.

முதலில் வரலாறு. ஓட்டோ ஃபான் பிஸ்மார்க் 1815இல் பிரஷ்யாவின் யுங்கர் எனப்படும் நிலவுடைமைப் பிரபுக் குடியில் பிறந்தவர். படைக்குத் தலைமுறை தலைமுறையாக அதிகாரிகளைத் தந்த வகுப்பு அது. இவரோ ஓராண்டுப் படைச்சேவையிலிருந்து தப்ப, கைத்தசையில் பலவீனம் எனக் காரணம் காட்டிப் பார்த்தார். அது பலிக்காமல் 1838இல் சேவையில் சேர்ந்தார். வாழ்நாளில் எந்தப் படையையும் அவர் களத்தில் நடத்தியதில்லை. 1866இல் கிடைத்த மேஜர் ஜெனரல் பதவி, அரசியல் வெற்றிக்கு மன்னர் தந்த பரிசு.

1871 ஜனவரி 18 அன்று வெர்சாய் அரண்மனையில் ஜெர்மன் பேரரசு அறிவிக்கப்பட்ட காட்சியை அன்டன் ஃபான் வெர்னர் தீட்டினார். வரலாற்று நூல்களில் நாம் பெரிதும் காண்பது, பிஸ்மார்க்கின் எழுபதாம் பிறந்தநாளுக்காக 1885இல் அவர் தீட்டிய வடிவம். அதில் பிஸ்மார்க் வெண்ணிறச் சீருடையில் ஒளிர்கிறார். அன்று அவர் உடுத்தியதோ நீலம். மார்பில் தீட்டப்பட்ட விருது அவருக்கு வழங்கப்பட்டது 1884இல். நோயுற்று அன்று வராத போர் அமைச்சர் ரோனும் படத்தில் நிற்கிறார். புனைந்த இந்தச் சித்திரத்தைத்தான் நம்மவர் வரலாறு என்று நம்புகின்றனர்.

நிற்க. அவருடைய உண்மையான ஆற்றல் வேறிடத்தில் இருந்தது. 1866இல் ஆஸ்திரியாவை வென்றபின் மன்னரும் தளபதிகளும் வியன்னாவுக்குள் நுழையத் துடித்தபோது, மன்றாடித் தடுத்தவர் அவர். பாரிஸ் முற்றுகையின்போது தலைமைத் தளபதி மோல்ட்கேயுடன் கடுமையாக மோதினார். 1887இல் ரஷ்யாவின்மீது முந்திக்கொண்டு போர் தொடுக்கத் தளபதிகள் வற்புறுத்தியபோதும் மறுத்தார். படையைக் கட்டுக்குள் வைத்த அரசியலாளர் என்பதே அவருக்குரிய பெருமை.

அவர்மீதான குற்றச்சாட்டும் இங்கேதான் பிறக்கிறது. 1862இல் படைச் சீர்திருத்தத்துக்கு நிதி தர பிரஷ்ய மன்றம் மறுத்தது. மன்றத்தின் ஒப்புதலின்றியே நான்காண்டுகள் வரி தண்டிப் படையைப் பெருக்கியவர் பிஸ்மார்க். 1874இல் படைச் செலவை ஏழாண்டுகளுக்கு ஒருசேர ஒப்புக்கொள்ள வைத்தார். அன்று பேரரசு மன்றத்தின் ஆயுளோ மூன்றாண்டுகள். படைச் செலவைப் பற்றி வாய் திறக்கும் வாய்ப்பே இன்றி ஒரு மன்றம் வந்து போகலாம் என்பதே இதன் பொருள். மக்கள் பிரதிநிதிகளின் கையில் இருந்திருக்க வேண்டிய அங்குசத்தைத் தம் ஒருவர் கையிலேயே அவர் வைத்துக்கொண்டார்.

1890இல் இரண்டாம் வில்ஹெல்ம் அவரை வெளியேற்றியபோது யானை இருந்தது, பாகன் இல்லை. பெல்ஜியத்தின் நடுநிலையை மீறிப் பிரான்சைத் தாக்கும் திட்டத்தைத் தளபதிகள் வகுத்தனர். அடுத்தடுத்து வந்த முதன்மை அமைச்சர்கள் அதை எதிர்த்து நிற்கவில்லை. 1914 ஆகஸ்டில் அத்திட்டம் நிறைவேறியது.

சிதறிக் கிடந்த நாடுகளை ஒன்றாக்கினாரே, 1883 முதல் தொழிலாளர்க்குக் காப்பீட்டுச் சட்டங்கள் தந்தாரே என்பர். மறுக்கவில்லை. ஆனால் ஒரு தலைவரை அளக்க அவர் சாதித்தவை மட்டும் போதா. அவர் போனபின் எந்தத் தடுப்பு எஞ்சியது என்பதும் அளவுகோலே. பிஸ்மார்க் தம் திறமையை விட்டுச் செல்ல முடியவில்லை. சீருடை மோகத்தை விட்டுச் சென்றார். 'இரும்பு மனிதர் வேண்டும்' என்று மேடையில் முழங்குவோர், அந்த மனிதரிடம் கணக்குக் கேட்கப்போகிறவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.