நாணயம் விற்பவர்க்கு

பாட்டனார் றங்குப் பெட்டியில் விட்டுச்சென்ற பழைய தபால் முத்திரைகளையும் நாணயங்களையும் கிளிநொச்சியில் இருந்தவாறே உலகோர்க்கு விலைகூற இணைய ஏலத் தளங்கள் இன்று வழிசெய்கின்றன. பின்னாளில் ஈபே எனப் பெயர்பெற்ற தளத்தில் 1995இல் முதன்முதலாக விலைபோனது பழுதடைந்த ஒளிச்சுட்டி ஒன்று. பழுதென அறிந்தே அதனை ஒருவர் 14.83 டொலருக்கு வாங்கினார். குறையை மறையாது சொன்னாலும் பொருள் விலைபோகும் என்பதே முதற்பாடம்.

நாணயத்தைப் புளியிட்டு மினுக்காதீர். மினுக்கிய காசைச் சேகரிப்போர் குறைத்தே மதிப்பர். உறையிலிருந்து முத்திரையை உரிக்காதீர். தெளிவான தபாற் குறியோடு கூடிய முழு உறை சிலவேளை அதிக விலை பெறும். முத்திரையின் பல்லொன்று குறைந்திருப்பினும் படத்திற் காட்டுக. பழமை மட்டும் விலையாகாது. இலங்கையின் முதல் முத்திரை 1857இல் வந்த ஆறு பென்ஸ் முத்திரை. எனினும் அதனினும் அரிதெனப் போற்றப்படுவது 1859இன் நாலு பென்ஸ் முத்திரையே. ஆதலின், பிறர் கேட்கும் விலையை விடுத்து, ஒத்த பொருள் விற்றுமுடிந்த விலையைப் பார்த்தே தொடக்க விலை குறிக்க.

வயல் கொத்தும்போது யாழ்ப்பாண அரசர் காலத்துச் சேது நாணயம் அகப்பட்டாலோ, அது விலைப்பொருளன்று. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி மண்ணுள் மறைந்த தொல்பொருள் அரசுக்குரியது. அதனைத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவித்தலே கடன். அனுமதிப்பத்திரமின்றி வெளிநாட்டுக்கு அனுப்புதல் குற்றம்.

கடல் கடந்து வாங்குபவர் நம் முகத்தைக் காணார். நம் சொல்லையே நம்பிப் பணம் அனுப்புகிறார். பெட்டியிலுள்ள நாணயத்தை விற்கலாம். நெஞ்சிலுள்ள நாணயத்தை விற்றலாகாது.