நட்சத்திரங்களை எண்ணினால் போதுமா?

கிழக்கே தோன்றிய ஒரே ஒரு விண்மீன் ஞானிகளைப் பெத்லகேம் வரை வழி தவறாமல் அழைத்துச் சென்றது. இன்றோ ஏ.சி.யின் முகப்பில் ஐந்து நட்சத்திரங்கள் இருந்தும் நம்மில் பலர் கடையிலேயே வழி தவறி நிற்கிறோம். "ஃபைவ் ஸ்டார் வாங்குங்கள், கரண்ட் பில்லே தெரியாது" என்கிறார் விற்பனையாளர். நாமும் தலையை ஆட்டுகிறோம். நட்சத்திரங்களுக்குக் கீழே சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பதை எத்தனை பேர் படிக்கிறோம்?

ஏ.சி. ஓர் ஆடம்பரப் பொருள், அதைப் பற்றிப் பள்ளி ஆண்டு மலரில் எழுதுவானேன் என்று பெரியோர் சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலின் 55ஆம் பத்தியில், தீங்கான நுகர்வுப் பழக்கத்துக்கு எடுத்துக்காட்டாக ஏ.சி.யையே குறிப்பிட்டுள்ளார். ஆனால் நாம் வாழ்வது ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே. இங்கே காரும் லாரியும் கைப்பேசியும் கண்ணாடியும் இரவு பகலாக உருவாகின்றன. இரவு ஷிப்டு முடிந்து காலையில் வீடு திரும்பும் தந்தையோ தமக்கையோ, மே மாதத்து நண்பகலில், கொதிக்கும் மொட்டைமாடிக்குக் கீழே உறங்க வேண்டியிருக்கிறது. உறக்கம் கெட்டால் மறுநாள் இயந்திரத்தின் முன் கை தடுமாறும். அவர்களிடம் போய் இது ஆடம்பரம் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. வாங்குவது என்று ஆனபின் தெரிந்து வாங்க வேண்டும் என்பதே எங்கள் கட்சி.

2001ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் கீழ் 2002இல் அமைந்தது பி.இ.இ. என்னும் மத்திய அரசு நிறுவனம். அது நட்சத்திரச் சீட்டை 2006இல் தொடங்கியது, வீட்டு ஏ.சி.களுக்கு அது கட்டாயமானது 2010இல். 2018 முதல் ஐ.எஸ்.இ.இ.ஆர். என்ற எண்ணைக் கொண்டே நட்சத்திரம் வழங்கப்படுகிறது. பெயர்தான் மிரட்டும்; கணக்கு எளியது. ஓராண்டில் ஏ.சி. அறையிலிருந்து வெளியேற்றும் வெப்பத்தை, அது செலவழிக்கும் மின்சாரத்தால் வகுக்க வேண்டும். எண் 4 என்றால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நான்கு யூனிட் வெப்பம் வெளியேறுகிறது. ஒன்று கொடுத்து நான்கு பெறுவது எப்படி என்று அறிவியல் மாணவியர் புருவத்தை உயர்த்தலாம். ஏ.சி. குளிரை உண்டாக்குவதில்லை, உள்ளே இருக்கும் வெப்பத்தைச் சுமந்து போய் வெளியே கொட்டுகிறது. மின்சாரம் அதற்குச் சுமைகூலி மட்டுமே.

நட்சத்திரத்தை மட்டும் எண்ணுவோர் இரண்டு இடங்களில் ஏமாறுகிறார்கள். ஒன்று, ஆண்டு. 2018இல் ஸ்பிளிட் ஏ.சி. 4.5 பெற்றால் ஐந்து நட்சத்திரம். 2022 ஜூலையில் அந்த வரம்பு 5 ஆக உயர்ந்தது; அதே 4.5 பெற்ற ஏ.சி. நான்கு நட்சத்திரமாக இறங்கிவிட்டது. வகுப்பில் தேர்ச்சி மதிப்பெண்ணை உயர்த்துவது போலத்தான் இது. ஆகவே பழைய சரக்கைத் தள்ளுபடியில் வாங்கும்போது சீட்டில் உள்ள காலத்தையும் பார்க்க வேண்டும். மற்றொன்று, வகை. 2022இன் அட்டவணைப்படி ஜன்னல் ஏ.சி.க்கு 3.5 இருந்தாலே ஐந்து நட்சத்திரம், ஸ்பிளிட் ஏ.சி.யில் அதே 3.5 இரண்டு நட்சத்திரத்துக்கே போதுமானது!

எல்லா வீட்டுக்கும் ஐந்து நட்சத்திரமே நல்லது என்பதை நாங்கள் ஒப்பவில்லை. சீட்டில் உள்ள ஆண்டு யூனிட் கணக்கு 1,600 மணி நேரத்துக்கானது. அதாவது தினம் 8 மணி நேரமாக 200 நாட்கள். 3.8 எண் கொண்ட ஏ.சி. அந்நேரத்தில் 1,000 யூனிட் இழுத்தால், அதே அளவு குளிர்விக்கும், 5 எண் கொண்ட ஏ.சி. 760 யூனிட் இழுக்கும். மிச்சம் 240 யூனிட். 2024 ஜூலையில் நிர்ணயித்த கட்டணத்தில், இரு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டியதும் யூனிட் ஒன்றுக்கு 8 ரூபாய் 55 காசு. ஏ.சி. இழுப்பதெல்லாம் அந்தப் படியிலேயே விழுவதாக வைத்தால், ஆண்டுக்கு ஏறக்குறைய 2,050 ரூபாய் மிச்சம். இரண்டுக்கும் விலை வித்தியாசம் பத்தாயிரம் ரூபாய் என்றால் ஐந்து ஆண்டில் கைக்கு வந்துவிடும். சித்திரை, வைகாசி இரவுகளில் மட்டும் 400 மணி நேரம் போடும் வீட்டிலோ மிச்சம் 60 யூனிட்தான். பத்தாயிரத்தை மீட்க இருபது ஆண்டு ஆகும். அதுவரை ஏ.சி. இருக்குமா? அவ்வீட்டுக்கு மூன்று நட்சத்திரம் போதும். மீதிப் பணத்தில் தங்கையின் கல்விக் கட்டணத்தைக் கட்டலாம்.

பகலில் உறங்கும் ஷிப்டுத் தொழிலாளரின் வீடு வேறு. வெளியே 24 முதல் 43 டிகிரி வரை இருக்கும் பலவகை வேளைகளையும் சேர்த்துப் போட்ட சராசரியே சீட்டில் இருக்கிறது. அவரது ஏ.சி.யோ வெயில் உச்சியில் இருக்கும்போது ஓடுகிறது. அதனால் சீட்டில் உள்ள யூனிட்டைவிடக் கூடுதலாகவே எதிர்பார்க்க வேண்டும். அந்த வீட்டில்தான் உயர்ந்த நட்சத்திரம் தன் விலையைத் திருப்பித் தரும். நட்சத்திரம் பெற்ற ஏ.சி.கள் 2020 முதல் 24 டிகிரியில் தொடங்குமாறு அமைக்கப்பட்டு வருகின்றன. ரிமோட்டை எடுத்து 18க்கு இறக்கும் கை நம்முடையதே. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 விழுக்காடு மின்சாரம் மிஞ்சும் என்பது பி.இ.இ.யின் கணக்கு. 26இல் வைத்து மின்விசிறியையும் சுழலவிட்டால் உறக்கம் ஒன்றும் கெடாது.

நம் பகுதியில் வாடகை வீடுகளே மிகுதி. பல வீடுகளில் ஏ.சி.யை வாங்கி மாட்டுபவர் வீட்டுக்காரர். மின்சாரத்துக்குப் பணம் கட்டுபவர் குடியிருப்பவர். வாங்குபவருக்கு விலை குறைந்தால் போதும். அது எவ்வளவு இழுத்தால் அவருக்கென்ன? சில இடங்களில் சப்-மீட்டர் வைத்து முதல் யூனிட் தொடங்கி ஒரே விலையும் வாங்குகிறார்கள். ஆகவே, பெற்றோர்களே, வீடு பார்க்கப் போகும்போது தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்ப்பது போலவே ஏ.சி.யின் சீட்டையும் உங்கள் மகளைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். சீட்டு கிழிந்திருந்தால் மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளட்டும், பி.இ.இ.யின் கைப்பேசிச் செயலியில் அதைத் தேடிப் பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுக்கலாம்.