கட்டுத் துணிக்கும் கணக்கு உண்டு

வேலையில் கை வெட்டுப்பட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது என்று நம் பிள்ளைகளைக் கேட்டால், "கம்பெனியோடது" என்று உடனே சொல்லிவிடுவார்கள். அதே கைக்கு மூன்று வாரம் கட்டு மாற்றுகிற செலவு யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். "அது சில்லறைக் காசுதானே, நாமே குடுத்துக்குவோம்" என்பார்கள். இந்தச் சில்லறைக் காசைப் பற்றித்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது.

தோட்டத் தொழிலாளர் பகுதியில் சிங்கப்பூர் விவகாரம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயங்கள் காலியான பிறகு நம் பிள்ளைகள் போன இடங்களில் சிங்கப்பூர் முக்கியமானது. விடியற்காலை மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் எழுந்து ஜொகூர் கடற்பாலத்தைத் தாண்டுகிற கூட்டத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். தமிழ்நாட்டிலிருந்து கடன்பட்டு வந்து, அங்கே கப்பல் பட்டறையிலும் கட்டடத்திலும் வேலை செய்கிறவர்களும் நம் ஆட்கள்தான்.

தோட்டத்தில் அடிபட்டால் நாம் டிரெசர் ஐயாவிடம் போனோம். அவருக்கு அந்தப் பேர் வந்ததே புண்ணுக்குக் கட்டுப் போடுவதால்தான். பால்வெட்டுக் கத்தி கிழித்தாலும், செம்பனை முள் குத்தினாலும், புண்ணைக் கழுவி, மஞ்சள் மருந்து போட்டு, பஞ்சு வைத்துக் கட்டி அனுப்புவார். பஞ்சுக்கு இவ்வளவு, துணிக்கு இவ்வளவு என்று நம் கையில் யாரும் சீட்டுக் கொடுக்கவில்லை. துரைமார் தர்மம் பண்ணினார்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டக் கோவை போன்ற சட்டங்கள் தொழிலாளியின் வைத்தியத்தைத் தோட்ட நிர்வாகத்தின் தலையில் வைத்திருந்தன. வேலையில் பட்ட புண்ணுக்கு வேலை கொடுத்தவன் பொறுப்பு என்பது நமக்குப் புதிய பாடம் அல்ல.

சிங்கப்பூரிலும் சட்டம் இருக்கிறது. 1975-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 2008-ல் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் என்று பெயர் மாறியது. இப்போது நடப்பில் இருப்பது 2019-ல் நிறைவேறி, 2020 செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்த சட்டம். வேலையில் காயம் பட்டால், யார் மீது தப்பு என்ற கேள்வியே இல்லாமல் வைத்தியச் செலவை முதலாளியோ அவருடைய காப்புறுதிக் கம்பெனியோ கொடுக்க வேண்டும். 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்கு இதன் உச்சவரம்பு 53,000 வெள்ளி, அல்லது விபத்து நாளிலிருந்து ஓராண்டு. எது முதலில் வருகிறதோ அதுவரை. அதற்கு முன் வரம்பு 45,000 வெள்ளியாக இருந்தது. மலேசியர், இந்தியர், வங்காளதேசி என்ற பேதம் இந்தச் சட்டத்தில் இல்லை.

53,000 வெள்ளிக்குச் சட்டம் இருக்கும்போது இருபது வெள்ளி எங்கே ஓட்டை போடுகிறது?

அங்கே தொழிலாளியின் வைத்தியச் செலவு மூன்று பைகளிலிருந்து வருகிறது. ஒன்று, மேலே சொன்ன வேலையிடக் காயப் பை. இரண்டாவது, முதலாளி கட்டாயம் எடுக்க வேண்டிய மருத்துவக் காப்புறுதி. 2023 ஜூலை முதல் இது ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. ஆனால் இது ஆஸ்பத்திரியில் படுத்தால்தான், அல்லது ஒரே நாளில் முடியும் ஆப்பரேஷனுக்குத்தான். மூன்றாவது, விடுதியில் தங்குகிறவர்களுக்கும் கட்டுமானம், கப்பல் பட்டறை போன்ற துறையினருக்கும் 2022 ஏப்ரலில் வந்த அடிப்படை மருத்துவத் திட்டம். இதில் மருத்துவ நிலையத்துக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் தொழிலாளி 5 வெள்ளி வரை கொடுக்க வேண்டியிருக்கும்.

இப்போது கட்டு மாற்றுவதை எடுத்துக்கொள்ளுங்கள். தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. படுக்கையில் இல்லாததால் இரண்டாவது பை திறக்காது. மிச்சம் முதல் பையும் மூன்றாவது பையும். எது திறக்கும் என்பதைத் தீர்மானிப்பது கிளினிக் கவுண்டரில் எழுதப்படும் ஒரே வார்த்தை. "வேலையில் பட்ட காயம்" என்று எழுதினால் முழுச் செலவும் முதலாளி கணக்கு. வெறும் "கையில் புண்" என்று எழுதினால் சாதாரணக் காய்ச்சல், தலைவலி மாதிரி ஆகிவிடும். அப்போது தொழிலாளி தன் சட்டைப் பையைத் தடவ வேண்டியதுதான்.

வைத்திய உலகத்தில் எல்லாவற்றுக்கும் குறியீட்டு எண் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், பத்தாம் பதிப்பில், மணிக்கட்டிலும் கையிலும் பட்ட திறந்த காயத்துக்கு எஸ்61 என்று எண். காயம் எந்த இடத்தில் பட்டது என்பதற்கும் எண் இருக்கிறது: தொழிற்சாலை, கட்டுமான இடம் என்றால் 6, பண்ணை என்றால் 7. என்ன செய்துகொண்டிருந்தபோது பட்டது என்பதற்கும் எண் உண்டு: சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தால் 2. அமெரிக்காவின் மெடிகேர் காப்புறுதியில் பதினாறு சதுர அங்குலத்துக்கு மேற்படாத, கிருமி நீக்கிய ஒரு சாதாரணக் காஸ் துணிக்குக்கூட ஏ6402 என்று தனி எண் கொடுத்திருக்கிறார்கள். கணக்கு எழுதுகிறவனுக்குக் கட்டுத் துணி சில்லறைச் சாமான் அல்ல. நாம் மட்டும்தான் அதைச் சில்லறை என்று நினைக்கிறோம்.

அந்தச் சில்லறையைக் கூட்டித்தான் பார்ப்போமே. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்றினால் மூன்று வாரத்தில் பத்துத் தடவை. தடவைக்கு இருபது வெள்ளி என்றே வைத்துக்கொள்வோம். இருநூறு வெள்ளி! வீட்டுக்கு எடுத்துப் போகும் காஸ், உப்புத் தண்ணி பாட்டில், கிரேப் பேண்டேஜ், பிளாஸ்டர் எல்லாம் தனி. ஊருக்கு அனுப்புகிற பணத்தில் இது விழுகிற துண்டு.

காசைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. காசு போகிறதே என்று கட்டு மாற்றாமல் விடுகிறார்கள். நீர் ஊறின துணியோடு சிமெண்டுத் தூசியிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் வேலைக்குப் போகிறார்கள். ஒரே பேண்டேஜைக் குழாய்த் தண்ணியில் அலசிக் காயப்போட்டுத் திரும்பவும் சுற்றுகிறார்கள். சீழ் பிடித்துவிட்டால், இனிப்பு நீர் உள்ளவருக்கு விரலே போகலாம். இருபது வெள்ளி மிச்சம் பிடித்து விரலை இழப்பது என்ன கணக்கு?

"இதுக்கெல்லாம் சண்டை போட்டா பெர்மிட் போயிடும்ணே" என்று தம்பிகள் எங்களிடம் சொல்கிறார்கள். பயம் நியாயமானது. பெர்மிட் முதலாளி கையில் இருக்கிறது. ஏஜெண்டுக்குக் கொடுத்த கடனோ தலையில் இருக்கிறது. சூப்பர்வைசர் ஐம்பது வெள்ளியைக் கையில் திணித்து, "ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லிடு" என்று சொல்லும்போது எதிர்த்துப் பேசுவது லேசு அல்ல. ஒழுங்காகச் செலவு செய்கிற கம்பெனிகளும் இருக்கின்றன என்பதை மறைக்க மாட்டோம். ஆனால் அந்த ஐம்பது வெள்ளியை வாங்கிப் பொய் சொன்னால் மூன்று வாரக் கட்டு மட்டும் போகாது. பிற்பாடு விரல் மடங்காமல் போனால், நிரந்தர ஊனத்துக்குக் கிடைக்க வேண்டிய இழப்பீடும் சந்தேகத்துக்கு உள்ளாகும். பெர்மிட் ரத்தானாலும் இழப்பீட்டு உரிமை ரத்தாவதில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

ஆகவே சத்தம் போடாமல் செய்யக்கூடிய காரியங்களை முதலில் சொல்கிறோம்.

முதல் தடவை டாக்டரைப் பார்க்கும்போதே "ஒர்க் இஞ்சுரி" என்ற இரண்டு வார்த்தையைச் சொல்லுங்கள். எங்கே, எத்தனை மணிக்கு, எந்த மிஷினில் என்று சொல்லி எழுதச் சொல்லுங்கள். மொத்தத் தொகை மட்டும் போட்ட சீட்டு வேண்டாம். டாக்டர் கட்டணம், கட்டு மாற்றிய கட்டணம், காஸ், மருந்து என்று பிரித்துப் போட்ட பில் கேளுங்கள். வீட்டில் கட்ட வேண்டிய சாமானைக் கிளினிக்கிலேயே எழுதி வாங்குங்கள். கடையில் வாங்கினால் ரசீதை உடனே போனில் படம் பிடியுங்கள். அந்தத் தாளில் எழுத்து சில மாதத்தில் வெளுத்துவிடும். படத்தைக் கம்பெனிக்கு மெசேஜில் அனுப்பிவிட்டு, அனுப்பியதை அழிக்காமல் வையுங்கள்.

டாக்டர் ஒரு நாள் எம்.சி. கொடுத்தாலும், லைட் டியூட்டி எழுதினாலும், முதலாளி மனிதவள அமைச்சுக்கு அறிவிக்க வேண்டும் என்பது 2020 செப்டம்பர் முதல் சட்டம். எம்.சி. நாளுக்குச் சம்பளமும் உண்டு. வெளிநோயாளி விடுப்பில் 14 நாள் வரை முழுச் சம்பளம், பிறகு மூன்றில் இரண்டு பங்கு. இழப்பீடு கேட்க விபத்து நாளிலிருந்து ஓராண்டு அவகாசம்.

கம்பெனி கைவிரித்தால் அமைச்சுக்குப் போகலாம். 2009-ல் அமைந்த வெளிநாட்டு ஊழியர் நிலையம் இருக்கிறது. 2006-ல் தொடங்கிய ஹெல்த்சர்வ் வைத்தியத்துக்குக் கைகொடுக்கிறது. லிட்டில் இந்தியாவில் கஃப் ரோட்டில் 2008-ல் டி.டபிள்யூ.சி.2 அமைப்பு, வழக்கு முடியாமல் காத்திருக்கும் தொழிலாளருக்கு இலவசச் சாப்பாடு போடத் தொடங்கியது. கையில் கட்டோடு சோற்றுக்கு வரிசையில் நிற்கும் நிலை ஒரு பணக்கார நகரத்தில் ஏன் வந்தது என்று அந்த நகரம் யோசிக்கட்டும்.

நாங்கள் கேட்பது பெரிது அல்ல. வைத்தியச் செலவு என்று அமைச்சு சொல்லும் பட்டியலில் டாக்டர் கட்டணம், வார்டு, சிகிச்சை, மருந்து, செயற்கைக் கை கால் எல்லாம் பெயர் சொல்லி இருக்கின்றன. அதோடு, புண் ஆறும்வரை வீட்டில் கட்டத் தேவையான சாமானும் என்று ஒரு வரி சேர்க்கட்டும். கிளினிக் படிவத்தில் "வேலையில் பட்டதா?" என்ற கேள்வி தமிழிலும் வங்காளத்திலும் இருக்கட்டும். தொழிலாளி தானே படித்து, தானே "ஆம்" என்று கோடு போடட்டும்.

டிரெசர் ஐயா காலத்தில் நம் பெற்றோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் கட்டுத் துணிக்குக் காசு கொடுக்கவில்லை. நாம் படித்தோம், பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். ஒரு பில்லைப் படித்துப் பார்த்து, "இது என் கணக்கு இல்லை" என்று சொல்ல அந்தப் படிப்பு உதவட்டும். அடுத்த முறை பிள்ளை சிங்கப்பூரிலிருந்து போன் பண்ணும்போது, சாப்பிட்டியா என்று கேட்பதோடு, சீட்டை வச்சிருக்கியா என்றும் கேளுங்கள்.