கடல் வண்ணமீன் வளர்ப்பு: விலை உயர்ந்த வடிகட்டி தேவைதானா?

தொட்டியிலேயே பொரித்த கோமாளி மீன் குஞ்சுகளை வாங்கி, சில மாதங்கள் வளர்த்து, வண்ணமீன் வியாபாரிகளுக்கு விற்பது இன்று கரையோரச் சிறு விவசாயிகளுக்கும் எட்டக்கூடிய உபதொழில் ஆகிவிட்டது. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் இம்மீன்களைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்யும் முறைகளை உருவாக்கியுள்ளன. மண்டபம் பகுதியில் மகளிர் குழுக்களும் இந்த வளர்ப்பில் இறங்கியுள்ளன. கொட்டகை ஓரத்தில் நான்கு தொட்டி வைக்க இடமும், நாள்தோறும் இரண்டு வேளை கவனிக்க ஓர் ஆளும் இருந்தால் போதும்.

ஆனால் தொழிலைத் தொடங்க நினைப்பவர் கடைக்குப் போனதும் முதலில் மலைக்க வைப்பது மீனின் விலையன்று, வடிகட்டிச் சாதனங்களின் விலை. வெளிநாட்டுப் புரோட்டீன் ஸ்கிம்மர், மூடிய டப்பா வடிகட்டி, புறஊதாக் கதிர் விளக்கு என்று ஒரு பட்டியலை நீட்டுகிறார்கள். தொட்டி, மீன், தீவனம் ஆகிய மூன்றின் விலையையும் கூட்டினாலும் இந்தப் பட்டியலின் தொகைக்குக் கீழேதான் நிற்கும். நகையை அடகு வைத்து இதை வாங்கலாமா என்று தயங்குவோர் பலர். கரையோரத்தில் வளர்ப்புத் தொழில் மட்டும் செய்பவர் வாங்க வேண்டியதில்லை. உள்நாட்டில் செய்பவரும், குஞ்சு பொரிப்பகம் வைக்க விரும்புபவரும் மட்டும் கணக்குப் போட்டு முடிவு செய்தல் வேண்டும்.

வடிகட்டி என்ன வேலை செய்கிறது என்பது உழவர்களுக்குப் புதிய பாடம் அன்று. புன்செய் நிலத்தில் யூரியா இட்டால் அது அம்மோனியாவாகி, பின் நைட்ரைட்டாகி, முடிவில் நைட்ரேட் ஆகிறது. இந்த மாற்றத்தைச் செய்பவை மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள். மீன் தொட்டியிலும் இதே கதைதான். தின்ற தீவனத்திலுள்ள புரதத்தின் ஒரு பகுதி மீனின் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேறுகிறது. அம்மோனியா மீனுக்கு நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும், பிறகு அதிகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுபவை, ஒட்டிக்கொள்ள இடமும் பிராணவாயுவும் கிடைத்தால் எங்கும் வளரும் நுண்ணுயிரிகளே. உண்மையான வடிகட்டி அவைதாம். கடையில் விற்கும் பெட்டி அவற்றுக்கு வீடு மட்டுமே. ஓட்டு வீடானாலும் மாடி வீடானாலும் குடியிருப்பவர் செய்யும் வேலை ஒன்றுதான்.

எவ்வளவு வேலை என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். சுமார் 35 விழுக்காடு புரதம் உள்ள தீவனம் 1 கிலோ இட்டால், ஏறக்குறைய 30 கிராம் அம்மோனியா நைட்ரஜன் நீரில் சேரும். 1,000 லிட்டர் நீருள்ள தொட்டித் தொகுதிக்கு நாளொன்றுக்கு 10 கிராம் தீவனம் என்றால், நாள்தோறும் 0.3 கிராம். அதாவது லிட்டருக்கு 0.3 மில்லிகிராம். வடிகட்டி இல்லாவிடில் மூன்றே நாளில் லிட்டருக்கு 1 மில்லிகிராமை நெருங்கிவிடும். கடல் நீரின் கார அமில நிலை 8.2, வெப்பம் 28 டிகிரி என்ற அளவில், இதில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானது கொடிய நஞ்சான தனி அம்மோனியாவாக இருக்கும். மீன் மேலே வந்து வாயைத் திறப்பதும், செவுள் சிவப்பதும் இதனால்தான். நன்னீர் மீன் வளர்த்துப் பழகியவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாந்து போகிறார்கள். கடல் நீர் காரத்தன்மை உடையது. நன்னீரில் பொறுத்துக்கொண்ட அளவு அம்மோனியாவைக் கூட இங்கே மீன் தாங்குவதில்லை.

இந்த 0.3 கிராமைச் சமாளிக்க வெளிநாட்டுப் பெட்டி தேவையில்லை. மூடியில்லாத 100 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்றில் நன்றாகக் கழுவிக் காயவைத்த சிப்பி ஓடுகளையோ, துண்டாக வெட்டிய பிளாஸ்டிக் குழாய்களையோ நிரப்பி, தொட்டி நீரை மேலிருந்து சொட்டவிட்டுக் கீழே சேகரித்துத் திருப்பி அனுப்பினால் போதும். மேலே ஒரு பஞ்சு அடுக்கு வைத்து அதை மட்டும் இரண்டு நாளுக்கு ஒரு முறை அலசலாம். உள்ளே இருக்கும் ஓடுகளைக் குழாய் நீரில் கழுவவே கூடாது. குளோரின் கலந்த நீர் பட்டால் ஒரு மாத உழைப்பு ஒரு நிமிடத்தில் போய்விடும். பித்தளை, செம்பு, துத்தநாகம் பூசிய இரும்பு ஆகிய எந்த உலோகப் பொருத்தும் நீரோட்டத்தில் வரலாகாது.

பவளப் பாறைத் துண்டுகளைப் போட்டால் இன்னும் நல்லது என்று சிலர் சொல்லக் கேட்கலாம். அதைச் செய்யவே கூடாது. பவளங்கள் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. அவற்றை எடுப்பதும் வைத்திருப்பதும் குற்றம். கடற்குதிரைகளும் அதே அட்டவணையில்தான். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிய கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. செத்த பவளந்தானே, கரை ஒதுங்கியதுதானே என்ற வாதம் அதிகாரியிடம் எடுபடாது. சிப்பி ஓடு அதே சுண்ணாம்புச் சத்துத்தான், வேலையும் அதேதான்.

காசு கொடுத்து வாங்க முடியாத ஒன்று இதில் உண்டு. அது காலம். நுண்ணுயிரிகள் கடல் நீரில் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் விடக்கூடாது. மிகச் சிறிது நவச்சாரம் கரைத்து, அம்மோனியாச் சோதனைக் குப்பியால் வாரம் இருமுறை பார்த்து வர வேண்டும். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும். அடுத்து நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் இல்லை என்று காட்டிய பிறகே மீன். ஓடிக்கொண்டிருக்கும் நோயற்ற தொட்டியிலிருந்து ஒரு கை ஓடு கிடைத்தால், பாலுக்கு உறை ஊற்றியது போல, நாள் குறையும். விலை உயர்ந்த வடிகட்டியை வாங்கி வைத்துவிட்டு மறுநாளே இருநூறு குஞ்சுகளை விட்டு, பத்தாம் நாள் எல்லாவற்றையும் குழி தோண்டிப் புதைப்பவர்களைத்தான் சாதனத்தின் மீதுள்ள நம்பிக்கை மிகுதியாக ஏமாற்றுகிறது.

இனி ஸ்கிம்மர். கருப்பஞ்சாறு காய்ச்சும்போது கொப்பரையில் பொங்கி வரும் அழுக்கு நுரையை அள்ளிக் கொட்டுவதை அறியாத உழவர் இல்லை. ஸ்கிம்மர் செய்வது அதைப் போன்ற வேலைதான். நெருப்புக்குப் பதில் பொடிக் குமிழிகள். கடல் நீரில் குமிழிகள் மிகச் சிறியவையாக நிற்பதால் கரைந்துள்ள புரதக் கழிவுகள் அவற்றின் மேல் ஒட்டி நுரையாக மேலேறுகின்றன. அம்மோனியாவாக மாறுமுன்பே கழிவின் ஒரு பகுதியை வெளியேற்றுவதால் அது நல்ல கருவிதான், பழிக்க ஒன்றுமில்லை. ஆனால் ஏற்கெனவே உண்டான அம்மோனியாவை அது எடுக்காது. நுண்ணுயிரி வடிகட்டிக்கு அது மாற்றாகாது. இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

விலைக்கேற்ற வேலை உண்டா என்பதும் ஆராயப்பட்டதே. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் கென் ஃபெல்ட்மன் 2009, 2010-ஆம் ஆண்டுகளில் பல தயாரிப்பு ஸ்கிம்மர்களை அளந்து பார்த்து வெளியிட்டார். எந்தக் கருவியும் நீரில் கரைந்த கரிமப் பொருள்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீக்கவில்லை. கருவிக்குக் கருவி இருந்த வேறுபாடும் விலை வேறுபாட்டை நியாயப்படுத்தும் அளவு பெரிதன்று. இதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1961-இல், ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், உயிருள்ள பாறையும் காற்றுக் குமிழியும் மட்டும் வைத்துப் பவளங்களையே தொட்டியில் வளர்த்ததை எழுதிக் காட்டினார். நல்ல கடல் நீர் பக்கத்திலேயே கிடைத்தவர் அவர் என்பதை மறத்தலாகாது. ராமேசுவரத்து விவசாயிக்கும் அந்தப் பேறு உண்டு.

மூடிய டப்பா வடிகட்டியைப் பற்றி இன்னும் கடுமையாகவே சொல்ல வேண்டும். மின்சாரம் தடையின்றி வரும் நகரத்து வரவேற்பறைக்கு அது அழகு. கிராமத்தில் அது ஆபத்து. மின்சாரம் நின்றால் டப்பாவுக்குள் அடைபட்ட நுண்ணுயிரிகள் அங்குள்ள பிராணவாயுவைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிட்டு மடியத் தொடங்கும். மின்சாரம் திரும்பியதும் அந்த நாற்ற நீர் முழுவதும் தொட்டிக்குள் பாயும். திறந்த டிரம்மில் ஓடுகள் ஈரமாகக் காற்றுப்பட இருப்பதால் பல மணி நேரம் தாங்கும். இங்கே மலிவானதே மேலானது. புறஊதா விளக்கு வளர்ப்புத் தொட்டிக்கு வேண்டாம். வாங்கிவிட்டவர்கள், விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் ஓர் ஆண்டு அளவில் அதன் கொல்லும் திறன் தேய்ந்துவிடும் என்பதை அறிந்து குழாயை மாற்ற வேண்டும்.

அப்படியானால் எல்லாவற்றிலும் சிக்கனம் பிடிக்கலாமா? கூடாது. நீர் இறைக்கும் சிறு மோட்டாரில் மலிவைத் தேடுவது வீண். 40 வாட் மோட்டார் இரவு பகலாக ஓடினால் நாளுக்கு ஏறக்குறைய 1 யூனிட், ஆண்டுக்கு 350 யூனிட். அதே அளவு நீரை 15 வாட்டில் இறைக்கும் மோட்டார் ஆண்டுக்குச் சுமார் 130 யூனிட்டோடு முடித்துவிடும். விலை கூடுதல் என்றாலும் மிச்சமாகும் 220 யூனிட் ஆண்டுதோறும் திரும்பி வருவது. எந்த மின் கட்டணப் பிரிவில் இத்தொழில் வரும் என்பதை மின் வாரிய அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நன்று. மோட்டாரை ஒன்றாக அன்றி இரண்டாக வாங்கி ஒன்றைப் பெட்டியில் வைத்திருக்க வேண்டும். பழுது எப்போதும் ஞாயிற்றுக்கிழமைதான் வரும்.

மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பு, உப்பின் அளவு காட்டும் கருவி, அம்மோனியா, நைட்ரைட் சோதனைக் குப்பிகள், புதிதாக வரும் மீன்களை இரண்டு மூன்று வாரம் தனியே வைக்க ஒரு தொட்டி ஆகிய நான்கையும் வாங்காமல் தொழிலைத் தொடங்குவதை விடத் தொடங்காமலே இருக்கலாம். வெயிலில் நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. குறைந்த மட்டத்தை நல்ல நீரால்தான் நிரப்ப வேண்டும், கடல் நீரால் அன்று. காரத்தன்மை குறைந்தால் சிறிது சமையல் சோடா. ஒவ்வொரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றுவதற்கும் நுண்ணுயிரிகள் 7 கிராம் அளவு சுண்ணாம்புக் காரத்தை உண்டுவிடுகின்றன என்பதால் இது அடிக்கடி தேவைப்படும்.

உள்நாட்டு விவசாயியின் கணக்கு வேறு. 1,000 லிட்டர் கடல் நீர் ஆக்க ஏறக்குறைய 35 கிலோ கலவை உப்பு வேண்டும். வாரம் பத்தில் ஒரு பங்கு நீர் மாற்றினால் ஆண்டுக்கு 180 கிலோவுக்கு மேல். தூத்துக்குடி உப்பைக் கரைத்துவிடலாமே என்று எண்ண வேண்டாம். உப்பு விளைந்தபின் பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரோடு மக்னீசியம் போய்விடுகிறது. எஞ்சிய உப்பில் கடல் நீரின் சமநிலை இல்லை. ஆகவே இவருக்கு ஸ்கிம்மர் உதவக்கூடும். நீர் மாற்றம் கால் பங்கு குறைந்தால் ஆண்டுக்கு 45 கிலோ உப்பு மிச்சம். அந்த 45 கிலோவின் விலையிலிருந்து ஸ்கிம்மர் மோட்டார் தின்னும் மின்சாரத்தைக் கழித்து, மீதி எத்தனை ஆண்டில் கருவியின் விலையைத் தரும் என்று பார்க்கட்டும். மூன்று ஆண்டுக்குள் என்றால் வாங்கலாம். அதுவும் நடுத்தர விலையில். தாய் மீன்களுக்குச் சிப்பிச் சதையும் கணவாயும் ஊட்டும் பொரிப்பகத்தில் நீர் விரைவில் கெடும் என்பதால் அங்கே ஸ்கிம்மருக்கு இடமுண்டு. வளர்ப்பில் கைதேராமல் பொரிப்பகத்துக்குப் போக வேண்டாம்.

கரையோரத்தாருக்கும் ஒரு செலவு உண்டு. வடகிழக்குப் பருவமழையின்போது கரை நீர் கலங்கும், உப்பும் குறையும். அந்த நாட்களுக்கென்று தெளிந்த கடல் நீரைச் சேமிக்க ஒரு கறுப்புத் தொட்டி வேண்டும். ஸ்கிம்மருக்குக் கொடுக்க இருந்த பணத்தில் இதைக் கட்டலாம்.

மானியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மீன்வளத் திட்டத்தில் வண்ணமீன் வளர்ப்புக்குப் பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும், பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 விழுக்காடும் மானியம் என்று வகுக்கப்பட்டது. இந்த ஆண்டு நிலவரத்தை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டறியலாம். மானியம் வருகிறதே என்று பட்டியலில் உள்ள அத்தனை கருவிகளையும் எழுதிக் கொடுப்பவர்களுக்கு ஒன்று: மீதி 40 அல்லது 60 விழுக்காடு கைப்பணம். பழுதானால் உதிரிப் பாகத்துக்கு மானியம் கிடையாது. வெளிநாட்டுக் கருவிக்கு உதிரிப் பாகம் உள்ளூரில் கிடைப்பதும் அரிது. டிரம் உடைந்தால் சந்தையில் மறு டிரம் அன்றே கிடைக்கும்.

இந்த மாதம் தொடங்க விரும்புவோர் முதலில் டிரம்மை ஓடவிடட்டும். ஆறு வாரம் கழித்துச் சோதனைக் குப்பியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று கண்டபின், 1,000 லிட்டருக்கு ஐம்பது குஞ்சுகளோடு தொடங்கி, பதினைந்து நாளுக்கு ஒரு முறை சோதித்து எண்ணிக்கையைக் கூட்டலாம். குஞ்சு வாங்கும்போது தொட்டியில் பொரித்ததா, கடலில் பிடித்ததா என்று கேட்டு, பொரித்ததை மட்டும் வாங்க வேண்டும். அவை தொட்டித் தீவனத்துக்குப் பழகியவை. கடலில் பிடித்தவை பல நாள் பட்டினி கிடந்து சாகவும் கூடும்.