லைவ் போகும் மைதானமும் மறுநாள் முதலாம் பாடமும்



எமது பாடசாலையின் உதைபந்தாட்டப் போட்டியை இரவில் மின்விளக்கு போட்டு நடத்துவோம், பேஸ்புக்கில் லைவ் போடுவோம், அனுசரணைக்கு ஒருவர் தயார் என்று பழைய மாணவர்கள் சிலர் வந்து சொன்னார்கள். நல்ல எண்ணம்தான். கட்டாரில் இருக்கிற எமது பிள்ளைகளும் பார்ப்பார்கள், பந்துக்கும் பஸ்ஸுக்கும் காசு வரும். ஆனால் ஆசிரியர்களாகிய நாங்கள் உடனே சரி என்று சொல்லவில்லை. சிலருக்கு அது கோபம். ஏன் தயங்கினோம் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாணவர் விளையாட்டைத் தொலைக்காட்சிக்கு விற்றால் என்ன ஆகும் என்பதை முழுவதுமாகப் பார்த்துவிட்ட நாடு அமெரிக்கா. அங்கே பல்கலைக்கழகக் கால்பந்துக்கு இருக்கிற மவுசு எமது பிக் மேட்ச்சுகளைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். (அது எமது உதைபந்தாட்டம் அல்ல. ரக்பி போல பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம்.)

1984 வரை எந்த அணி எத்தனை முறை தொலைக்காட்சியில் வரலாம் என்பதை அவர்களின் தேசிய விளையாட்டுச் சங்கமே தீர்மானித்தது. இரண்டு வருடத்தில் ஆறு தடவைக்கு மேல் இல்லை. வீட்டில் இருந்தே பார்த்தால் மைதானத்துக்கு யார் வருவார் என்ற பயம்தான் காரணம். ஒக்லஹோமா, ஜோர்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றத்தில் வென்றன. அந்தத் தீர்ப்போடு உடன்படாத இரண்டு நீதியரசர்களில் ஒருவரான பைரன் வைட், மாணவ காலத்தில் அதே ஆட்டத்தின் பெரிய வீரர். விளையாடித் தெரிந்த மனிதருக்கு ஏதோ உறுத்தியிருக்கிறது என்றுதான் எமக்குப் படுகிறது.

அதன் பிறகு யார் அதிகம் தருகிறாரோ அவர் பக்கம் என்றாகிவிட்டது. 2022இல் 'பிக் டென்' என்ற கூட்டமைப்பு ஏழு வருட ஒளிபரப்புக்கு 7 பில்லியன் டொலருக்கு மேல் பேசி முடித்தது. லொஸ் ஏஞ்சல்ஸில் இருக்கிற இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள் அந்தப் பக்கம் சாய்ந்தன. 1915இல் தொடங்கிய பசிபிக் கரைக் கூட்டமைப்புக்கு அதற்கீடாக ஒரு ஒப்பந்தம் கிடைக்கவில்லை. 2024 ஆகும்போது பன்னிரண்டில் பத்துப் பேர் போய்விட்டார்கள். ஒரிகன் ஸ்டேட், வொஷிங்டன் ஸ்டேட் இரண்டும் மட்டும் மிச்சம். இரண்டும் சின்ன ஊர்களில் இருப்பவை. அவை ஆட்டத்தில் தோற்று ஒதுக்கப்படவில்லை. அவற்றைச் சுற்றிப் பார்வையாளர் குறைவு, அவ்வளவுதான் குற்றம்.

பசிபிக் கரையில் இருக்கிற ஸ்டான்போர்ட் இப்போது 'அத்திலாந்திக் கரை' என்று பெயர் கொண்ட கூட்டமைப்பில் விளையாடுகிறது. புவியியல் பாடம் எடுக்கிற எங்கள் சகாவுக்கு இதைச் சொன்னபோது அவர் சிரித்து முடிக்க நேரம் எடுத்தது. ஆனால் விமானத்தில் ஏறுகிற பிள்ளைக்குச் சிரிப்பு வராது. லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூ ஜேர்சிக்கு ஏறத்தாழ நாலாயிரம் கிலோமீற்றர், மூன்று மணித்தியால நேர வித்தியாசம். கால்பந்து அணி பருவத்துக்குச் சில தடவைதான் இப்படிப் போகும். கரப்பந்து விளையாடுகிற பெண் பிள்ளைகளும் அதே கூட்டமைப்பில்தான் இருக்கிறார்கள், அவர்களின் போட்டிகளோ இன்னும் அதிகம். ஒப்பந்தம் பேசியபோது அவர்களை யார் கேட்டார்?

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது பெரிய பல்கலைக்கழகங்களின் கதை அல்ல. ஒஹாயோ, மிச்சிகன் பக்கத்துச் சிறிய பல்கலைக்கழகங்கள் நவம்பர் குளிரில் செவ்வாய், புதன் இரவுகளில் ஆடுகின்றன. சனிக்கிழமை பெரிய அணிகளுக்கு. வார நடுவில் தொலைக்காட்சியில் இடம் காலி, ஆகவே 'எங்கள் பெயரும் நாடு முழுக்கத் தெரியட்டும்' என்று இவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். அரங்கில் பாதி இருக்கை வெறுமையாக இருக்கும். விடிந்தால் பிள்ளைகளுக்கு வகுப்பு.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். அந்தக் கால்பந்துக் காசில்தான் அங்கே நீச்சலும் மெய்வல்லுநரும் ஓடுகின்றன. பிள்ளைகளுக்கு ஒரு பங்கும் இப்போது கிடைக்கிறது. ஆனால் அது கிடைத்த வேகத்தைப் பாருங்கள். தம் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க அனுமதி 2021இல். பல்கலைக்கழகமே நேரடியாகப் பங்கு கொடுக்கலாம் என்று நீதிமன்றம் ஏற்றது 2025 ஜூனில், முதல் வருடம் ஒரு பல்கலைக்கழகத்துக்கு 20.5 மில்லியன் டொலர் வரை. 1984இலிருந்து எண்ணினால் நாற்பது வருடம் தாண்டிவிட்டது. பயிற்றுநர்களின் சம்பளம் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை.

எமது ஊர்ப் போட்டியில் பில்லியன் இல்லை, தெரியும். ஆனால் கேட்கப்பட்டது அதே இரண்டு விடயங்கள்தான்: போட்டி நேரத்தை மாற்றுங்கள், பிள்ளைகளின் படத்தைத் தாருங்கள். அணியில் ஐந்து பேர் இந்த வருடம் சாதாரண தரம் எழுதுகிறார்கள். இரவுப் போட்டி முடிந்து, படம் எடுத்து, ஊர்வலம் போய், அவர்கள் வீடு சேர எத்தனை மணியாகும் என்று எமக்குத் தெரியும், மறுநாள் முதலாம் பாடத்தில் அவர்களுக்கு முன்னால் நிற்பது நாங்கள்.

லைவ் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. போட்டி அஸருக்குப் பின் தொடங்கி மஃரிபுக்கு முன் முடியட்டும். வருகிற காசில் முதலில் பூட்ஸ், பஸ், காயத்துக்கு மருந்து. மேடையும் பொன்னாடையும் பிறகு. கணக்கு முழுவதும் பாடசாலை அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட வேண்டும். ஒரு பிள்ளையின் படம் விளம்பரத்தில் வருவதானால் அந்தப் பிள்ளையின் உம்மாவோ வாப்பாவோ கையெழுத்து வைக்க வேண்டும்.

வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலை மண்டபத்தில் இதைப் பேச இருக்கிறோம். பழைய மாணவர்கள் கட்டாயம் வாருங்கள். அணியில் இருக்கிற பிள்ளைகளையும் வரச் சொல்லியிருக்கிறோம்.