மற்றொரு கவுன்சிலிங்



பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில் ‘கவுன்சிலிங்’ என்றாலே பரபரப்புத்தான். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் என அனைத்தையும் ஒரு கோப்பில் அடுக்கி வைப்போம். பொறியியல் கலந்தாய்வு 2018இல் இணைய வழிக்கு மாறும் வரை, பண்ணைப்புரத்துப் பிள்ளையும் அந்தக் கோப்போடு சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் செல்ல வேண்டியிருந்தது.

அதே பெயரில் மற்றொரு கவுன்சிலிங்கும் உண்டு. அதுதான் மனநல ஆலோசனை. அதற்குச் செல்லும் பெண் மட்டும் முகத்தை மறைத்துக்கொண்டு வெறுங்கையோடு செல்கிறாள். இது முறையாகுமா?

அவள் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. பேருந்துக்கு நின்றாலே, “எங்க தாயி கிளம்பிட்ட?” என்று கேட்கும் ஊர் நம்முடையது. விடியுமுன் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் ஏறிவிடும் அம்மாவிடம் மனம் விட்டுப் பேச நேரமில்லை. தூக்கம் வரவில்லை என்று கோடாங்கியிடம் குறி கேட்டால் யாரும் குறை சொல்வதில்லை. மனநல மருத்துவரிடம் சென்றால் மட்டும் பட்டம் கட்டிவிடுகிறார்கள்.

மருத்துவத்தின் நான்கு கூறுகளைச் சொன்ன வள்ளுவர், மருத்துவருக்கும் மருந்துக்கும் முன்பாக நோயுற்றவரையே வைக்கிறார். ஆகவே நம் பங்கும் இருக்கிறது. ஒரு தாளை எடுத்துக்கொள்வோம். துன்பம் எப்போது தொடங்கியது? தூக்கம், பசி, படிப்பு எவ்வாறு உள்ளன? என்னென்ன மருந்து உட்கொள்கிறோம்? இவற்றை எழுதுவோம். வாய்விட்டுச் சொல்ல முடியாதது ஒன்று இருந்தால் அதையும் எழுதி, தாளையே கையில் கொடுத்துவிடலாம். அழகிய சொற்கள் தேவையில்லை. அழுகை வந்தால் அழலாம். நம்பிக்கையான பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வோம். சிறிது நேரம் தனியாகப் பேசவும் அனுமதி கேட்போம்.

எல்லாவற்றுக்கும் முன்பாக ஒரு கேள்வி கேட்க வேண்டும்: “நான் சொல்வதில் எது உங்களோடு நிற்கும், எது நிற்காது?” சிகிச்சை பெறுவோரின் விவரங்களை ரகசியமாகக் காக்க வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். ஆனால் அதற்கு எல்லை உண்டு. உயிருக்கு ஆபத்தென்றால் உரியவர்களிடம் சொல்வார்கள். பதினெட்டு வயது நிரம்பாதவரின் சிகிச்சையில் பெற்றோருக்கோ பாதுகாவலருக்கோ பங்குண்டு. சிறுமிக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் புகார் செய்தே ஆக வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். இதையெல்லாம் முன்னரே சொன்னால் பெண்கள் பயந்து வாயைத் திறக்கமாட்டார்கள் என்பர் சிலர். நான் அவ்வாறு எண்ணவில்லை. எல்லையை அறிந்து பேசுபவள் துணிந்து பேசுவாள்; பாதியில் அறிபவளோ ஏமாற்றப்பட்டதாக எண்ணி, பிறகு எவரையுமே நம்பமாட்டாள்.

முதல் நாளிலேயே பாரம் முழுவதும் இறங்கிவிடாது. ஓர் ஆலோசகர் நமக்கு ஒத்துவரவில்லை எனில் வேறொருவரை நாடலாம். தேனியை அடுத்த க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உள்ளது. அவ்வளவு தூரம் செல்ல இயலாதவர்களுக்கு 2022இல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ இருக்கிறது. 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். குழந்தைகளுக்கு 1098 உண்டு.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பர் பெரியோர். கல்லூரியில் இடம் தேடக் கோப்பைச் சுமக்கும் நாம், மனத்தின் நலம் தேட ஒரு தாளை எடுத்துச் செல்ல வெட்கப்படலாமா? தலைநிமிர்ந்து செல்வோம், தோழியரே!