தீக்குச்சியை மட்டும் தேடாதீர்கள்

ஜூன் மாதத்தில் களனி கங்கை பெருகி ஹெந்தளையில் எங்கள் ஒழுங்கைக்குள் தண்ணீர் நிற்கும். அந்த மழையைக் கொண்டுவரும் தென்மேற்குக் காற்றே மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஈரத்தைக் கொட்டித் தீர்த்துவிட்டு, வறண்டு சூடேறி ஊவாப் பக்கம் இறங்குகிறது. மட்டக்களப்பில் கச்சான் என்பார்களே, அதுதான். அந்த நாட்களில் பண்டாரவளையிலிருந்து சித்தப்பா பேசினால் முதல் செய்தி, "மலை பத்திக்கிச்சு" என்பதுதான்.

விஷமிகள் தீ வைத்தார்கள் என்று செய்தி வரும், அத்தோடு முடிந்துவிடும். வைப்பவர் மனிதர்தான். மாட்டுக்கு இளம்புல் வேண்டும், வேட்டைக்கு வெளி வேண்டும். ஆனால் அந்தத் தீ எங்கே அணையும், எங்கே முகடுவரை ஓடும் என்பது சரிவையும் அதில் நிற்கும் மரத்தையும் பொறுத்தது.

ஊவாவின் பத்தனை நிலங்களில் சரிவெல்லாம் மானாப்புல், ஓடை இறங்கும் பள்ளங்களில் பச்சைக் காடு. மேல்நோக்கி ஏறும் தீ தனக்கு மேலே நிற்கும் புல்லை முன்னதாகவே காய்ச்சிவிடுவதால் ஓட்டம் பிடிக்கும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் 20க்கும் மேற்பட்டோர் மாண்டது இப்படியொரு சரிவில்தான். ஈரமான பள்ளத்தை எட்டினால் அதே தீ படுத்துவிடும். புல்வெளியில் நிற்கும் நெல்லியும் கடுக்காயும் தடித்த பட்டையால் தப்பி மழைக்குத் துளிர்த்துக்கொள்ளும்.

இந்தச் சரிவுகளில்தான் 1970களிலும் 80களிலும் கரிபியன் பைனஸை நிறைய நட்டார்கள். சித்தப்பா வீட்டுக்கு மேலே உள்ள தோப்பில் காய்ந்த ஊசியிலை மெத்தையாகக் கிடக்கிறது, செருப்பு வழுக்குகிறது. பிசின் எடுக்கச் சீவிய அடிமரங்களில் அது வழிந்து உறைந்திருக்கிறது. தீக்கு அதைவிட என்ன வேண்டும்? உத்தராகண்ட் மலைகளில் வெயில் விழும் தெற்குச் சரிவில் சீர் பைனும் ஈரமான வடக்குச் சரிவில் ஓக்கும் பெரும்பாலும் தாமாகவே பிரிந்து நிற்கின்றன. நாமோ சரிவைப் பாராமல் ஒரே மரத்தை நட்டோம்.

சிங்கராஜ எல்லையில் பைனஸ் நிழலிலேயே உள்ளூர் மரங்களை வளர்க்கலாம் என்று பேராதனை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அது ஈரவலயம். ஊவாவில் ஓடைக்கரையில் தொடங்கித்தான் மேலே நகர முடியும். முகடுகளிலோ கச்சானுக்கு முன்பே ஊசியிலையை வாரி, வெற்றுத் தடம் வெட்டியாக வேண்டும். அந்த வேலையைத் தோட்டத்து மக்களுக்குச் சம்பளத்தோடு கொடுங்கள். இன்றைக்கும் தீ வந்தபின் பச்சைக் கிளையை முறித்துக்கொண்டு முதலில் ஓடுவது அவர்கள்தான், ஒரு சதம் கூலியில்லாமல்.